சிவப்புக் குடம் கடைசியில்

காரைமேட்டுக்காரர்கள் தண்ணீர் லாரி வரும் சத்தத்தைத் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவார்கள். ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் ரோட்டை விட்டு அது பள்ளத்தில் இறங்கும்போதே உள்ளே தண்ணீர் அலம்பும். அந்தச் சத்தம் கேட்டதும் தலை வாரிக்கொண்டிருந்தவள் பாதிப் பின்னலோடு ஓடுவாள். சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தவள் சாமியிடம் சொல்லிக்கொள்ளாமலே ஓடுவாள். மற்ற மாதங்களில் கொஞ்சம் மானம் மரியாதை எல்லாம் உண்டு. சித்திரை வைகாசியில் அதெல்லாம் கிடையாது.

குடங்கள் விடியும்போதே பிள்ளையார் கோயில் முனையிலிருந்து வரிசையில் நிற்கும். ஆள் நிற்க வேண்டாம், குடம் நின்றால் போதும் என்பது அந்த ஊர்ச் சட்டம். பித்தளை, எவர்சில்வர், பச்சை பிளாஸ்டிக், நீல பிளாஸ்டிக், கழுத்தில் துணி கட்டியது, அடிபட்டுச் சப்பையானது என்று எல்லாம் இருக்கும். எது யாருடையது என்று ஒருத்திக்கும் சந்தேகம் வராது. பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் தொலைத்தாலும் தொலைப்பார்கள், குடத்தைத் தொலைக்க மாட்டார்கள்.

லாரியின் பின்னால் ரப்பர் டியூபைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் கஜபதி. பாடியில் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டர். காலையில் ஊர்வேலை பார்க்க வேண்டும் என்றே இரண்டாம் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொள்வான். அவன் டியூபைப் பிடிப்பதற்கு முன்னால் காரைமேட்டில் தண்ணீர்ச் சண்டையில் மண்டை உடையாத கோடை கிடையாது. லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றி, குனிந்த தலை நிமிராமல் குடம் குடமாக ஊற்றிக்கொண்டு போவான். சொந்த அண்ணன் பெண்டாட்டி நடுவில் குடத்தைச் செருகினாலும் தூக்கி வெளியே வைத்துவிடுவான். நேர்மையான ஆள் என்று பேர். அந்தப் பேரில் அவனுக்கு ரொம்பவே பெருமை.

தொண்ணூற்றேழாம் வருஷத்துக் கோடையில் அந்த நேர்மையான வாய் தினமும் ஒரு சத்தம் போட்டது.

"செவப்பு, பின்னாடி போ!"

அந்தச் சிவப்புக் குடங்களை வாங்கிக் கொடுத்தது அவன் பெண்டாட்டிதான். பேர் பஞ்சவர்ணம். வார்டு கவுன்சிலர்.

அவள் கவுன்சிலர் ஆனதே ஒரு கூத்து. கஜபதி வெகுநாளாய்க் குறி வைத்திருந்த வார்டு, தேர்தல் வந்த நேரத்தில் பெண்களுக்கு என்று போய்விட்டது. வேறு வழியில்லாமல் வீட்டு வாசலில் இட்லிக் கடை போட்டிருந்தவளை நிறுத்தினான். இட்லி பஞ்சு போல இருந்ததாலோ, கடன் கேட்டவர்களிடம் முகம் சுளிக்காததாலோ, ஜெயித்துவிட்டாள். ஜெயித்த மறுநாளும் விடியற்காலையில் எழுந்து அடுப்புப் பற்றவைத்தாள். மாலை போட வந்தவர்கள் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

தை மாதத்தில் மெட்ராஸில் ஏதோ ஒரு கால்வாய்க் கரையை அகலப்படுத்துவதற்காகக் குடிசைகளைப் பிரித்தார்கள். பிரித்த சனங்களில் ஒரு பகுதியை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து காரைமேட்டு ஏரிக்கரை மைதானத்தில் இறக்கினார்கள். கட்டில், கோழிக்கூடு, மாதா படம், கிழிந்த தார்ப்பாய், சைக்கிள், அழுகிற பிள்ளைகள் எல்லாம் ஒன்றாய் இறங்கின. ஊர் சனம் வேலிக்கு இந்தண்டை நின்று சினிமா பார்க்கிற மாதிரி பார்த்தது. ஒருத்தரும் வேலியைத் தாண்டவில்லை.

பேரூராட்சி ஆபீசில் கூட்டம் போட்டார்கள். வந்தவர்களை நல்லபடியாக வரவேற்க வேண்டும், ஊரோடு ஒன்றாக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்களாம். ஒருத்தர் வேட்டி சேலை என்றார். ஒருத்தர் மரக்கன்று என்றார். அதுவரை கூட்டத்தில் வாயே திறக்காத பஞ்சவர்ணம் எழுந்தாள்.

"ஊட்டுக்கு யாராவது வந்தா இன்னா பண்ணுவோம்? மொதல்ல ஒரு சொம்பு தண்ணி குடுப்போம். அப்பறந்தான் எந்த ஊரு, இன்னா சேதின்னு கேப்போம். அதனால ஆளுக்கு ஒரு கொடம் குடுத்துடலாம் சார். கொடத்துல தண்ணி ரொப்பியே குடுக்கலாம்."

சேர்மன் கை தட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். பஞ்சவர்ணத்துக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போனது.

அம்பத்தூர்க் கடையில் அவளே போய்ப் பார்த்துப் பார்த்து எடுத்தாள். கடைக்காரன் பச்சை எடுக்கட்டுமா, நீலம் எடுக்கட்டுமா என்று கேட்டான். "புதுசா குடி வர்றவங்களுக்கு குடுக்கறதுப்பா. மங்களமா குங்குமக் கலர்ல குடு. எல்லாம் ஒரே மாரி இருக்கட்டும், ஒருத்தருக்கு ஒஸ்தி ஒருத்தருக்கு மட்டம்னு இருக்கக் கூடாது" என்றாள். நல்ல மனசோடு சொன்னதுதான். வினை அங்கேதான் பிறந்தது.

மைதானத்தில் மைக் செட் கட்டி, ஷாமியானா போட்டு விழா நடந்தது. தண்ணீர் ததும்பும் சிவப்புக் குடத்தை ஒவ்வொரு குடும்பமாக வந்து வாங்கிக்கொண்டது. முதலில் வந்தவள் லூர்தம்மாள். ஒல்லியாய், கறுப்பாய், சிரித்தால் பல் வரிசை பளிச்சென்று இருக்கும். புருஷன் செபாஸ்டியன் மீன்பாடி வண்டி ஓட்டுகிறவன். அவள் இடுப்பில் மகள் குமாரி உட்கார்ந்திருந்தாள். ஞானகுமாரி என்று முழுப்பேர். அந்தப் பிள்ளை குடத்தை எட்டித் தொட்டு, "அம்மா, நம்ப கொடமா?" என்று கேட்டது மைக்கில் விழுந்து மைதானம் முழுக்கக் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். பஞ்சவர்ணமும் அந்தச் சொம்புத் தண்ணீர்ப் பேச்சை மைக்கில் இன்னொரு தரம் பேசி இன்னொரு தரம் கைதட்டு வாங்கினாள். மிஞ்சிப்போன ஒரு குடத்தை வீட்டுக்கு எடுத்துவந்து, இட்லிக் கடை பெஞ்சுக்கடியில் எச்சில் தட்டு கழுவ வைத்துக்கொண்டாள்.

பங்குனி முடிவதற்குள் ஏரி வற்றியது. மைதானத்தில் போட்ட கைப்பம்பு காற்றைத்தான் கொடுத்தது. சிவப்புக் குடங்கள் பிள்ளையார் கோயில் முனைக்கு வந்து வரிசையில் நின்றன.

முதல் நாள் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு வரிசையின் கடைசியில் நின்ற சில ஊர்க்குடங்கள் காலியாகத் திரும்பின. அதில் ஒன்று எதிர் வீட்டுப் பத்மாவுடையது. பத்மா வாய் ஓயாதவள்.

"இன்னா கஜபதிண்ணே, நல்லா கீதே நாயம்! பொறந்ததுலேந்து இங்க கீறவ காலிக் கொடத்தத் தூக்கிகினு போறேன், நேத்து லாரில வந்து எறங்குனவ ரொப்பிகினு போறா. லாரிய யாருக்குன்னு உட்டாங்க? நம்ப தெருவுக்குத்தானே?"

கஜபதிக்கு அதில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. லாரி இவர்கள் மனு கொடுத்து, ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து வாங்கிய லாரி. அப்போதெல்லாம் இந்த மைதானத்துச் சனம் எங்கே இருந்தது? மறுநாள் காலை குனிந்த தலை நிமிராமலே சொன்னான். "செவப்பெல்லாம் அப்பிடி கடைசில போ. ஊருது முடியட்டும்."

அவனுக்கு வசதியாய்ப் போயிற்று. முகத்தைப் பார்க்க வேண்டாம், பேர் கேட்க வேண்டாம், யார் எவர் என்று விசாரிக்க வேண்டாம். குடத்தைப் பார்த்தால் போதும். பஞ்சவர்ணம் பார்த்துப் பார்த்து எடுத்த குங்குமக் கலர் எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது. பச்சைக் குடம் வாங்கிக்கொண்டு வந்து நடுவில் நின்ற மைதானத்துப் பையன் ஒருவனை ஊர்ப் பெண்களே பிடித்துவிட்டார்கள். "உன்னுது செவப்பு, அதக் கொண்டா" என்று விரட்டினார்கள்.

பஞ்சவர்ணம் முதல் வாரமே கேட்டாள். மாவு கரைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன்யா, மாத்தி மாத்தி ஊத்துனா இன்னா? ஊருது ஒண்ணு, அவங்குது ஒண்ணு."

"ஊத்தலாம். அப்பறம் பத்மா கேப்பா, அவ மச்சினன் கேப்பான். அடுத்த எலக்‌ஷன்ல மைதானத்துக்காரங்களா உனுக்கு ஓட்டு போடப் போறாங்க? இன்னும் ரேசன் கார்டே வர்ல அதுங்களுக்கு."

"பாவம்யா."

"நானா பாவம் இல்லன்னேன்? ரெண்டாவது லாரி வாங்கிகினு வா. நானே நின்னு ஊத்தறேன். நீதானே கவுன்சிலரு?"

அது குத்தல். ஆனாலும் போனாள். ஆபீசில் அதிகாரி மரியாதையாக நாற்காலி போட்டார். "அவங்க வந்து கொஞ்சம் செட்டில் ஆகட்டும்மா, அப்புறம் லாரியைப் பத்திப் பேசலாம்" என்றார். பஞ்சவர்ணம் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். பஸ்சில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், தண்ணீர் இல்லாமல் எப்படி சார் செட்டில் ஆவாங்க என்று கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. தோன்றியும் என்ன பிரயோசனம்? இறங்கித் திரும்பிப் போகவில்லை. கடைக்கு உளுந்து ஊற வைக்க நேரமாகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்ன மாதிரி ஆகும். லாரி வந்ததும் முதல் தண்ணீர் கவுன்சிலர் வீட்டுக்கு. பிள்ளையார் கோயிலை ஒட்டித்தான் வீடு. வாசலில் இருக்கும் இரண்டு நீல டிரம்மிலும் டியூபை நேராக விட்டு ரொப்பிவிட்டுத்தான் கஜபதி குடம் பக்கம் திரும்புவான். ஊர் அதை ஒரு மரியாதையாகவே வைத்திருந்தது. இட்லிக் கடைக்கும் தண்ணீர் வேண்டுமே. பஞ்சவர்ணமும் அதை மரியாதையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம் லூர்தம்மாள் வந்தாள். கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தது. கஜபதி ஷிப்டுக்குக் கிளம்புவதற்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கத்திரிக்காய் கருவாட்டுக் குழம்பு. பத்மா நிலைப்படியில் காலை நீட்டி உட்கார்ந்து யார் வீட்டு வம்பையோ பேசிக்கொண்டிருந்தாள்.

"யக்கா."

"வா லூர்து. இன்னா?"

"அர கொடம் தண்ணி இருந்தா குடுக்கா. நேத்தும் எங்களாண்ட வர்றதுக்குள்ள தீந்துடுச்சி, இன்னிக்கும் தீந்துடுச்சி. ஒல வெக்கத் தண்ணி இல்ல. பாப்பா தண்ணி தண்ணின்னு அய்துகினே கீது."

அவள் வாசலுக்கு வெளியேதான் நின்றாள். இடுப்பில் சிவப்புக் குடம். பஞ்சவர்ணம் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பாதி எழுந்தாள்.

பத்மா லூர்தம்மாளைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சொன்னாள். "ஒருத்திக்கு ஊத்துனா நாளைக்கு அந்த மைதானமே இங்க வந்து நிக்கும். நான் சொல்லிட்டேன்பா, அப்பறம் உங்க இஷ்டம்."

கஜபதி சோற்றிலிருந்து தலையெடுக்காமல் லேசாகச் செருமினான். அவ்வளவுதான்.

பாதி எழுந்தவள் உட்கார்ந்தாள். "கடைக்கே பத்தல லூர்து. நாளைக்கு உங்குளுக்கு முன்னாடி உடச் சொல்றேன், இன்னா?"

வாசலிலேயே இரண்டு டிரம்மும் நின்றன. ஒன்றின் மூடி சரியாக உட்காரவில்லை, விளிம்பு வரைக்கும் தண்ணீர் பளபளத்தது. லூர்தம்மாள் அதை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பஞ்சவர்ணத்தைப் பார்த்தாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். அவள் திட்டவில்லை. "சரிக்கா" என்றாள், போய்விட்டாள்.

அவள் போனதும் பஞ்சவர்ணம் எழுந்து டிரம்மின் மூடியைச் சரியாக அழுத்தினாள். ஏன் அழுத்தினோம் என்று அவளுக்கே புரியவில்லை. பத்மா விட்ட இடத்திலிருந்து வம்பைத் தொடர்ந்தாள்.

மறுநாள் விடியற்காலை. முதல் ஈடு இட்லி வெந்துகொண்டிருந்தது. ஃபேக்டரி பஸ்சுக்கு நிற்கும் ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். செபாஸ்டியனின் மீன்பாடி வண்டி மைதானத்துப் பக்கமிருந்து வந்தது. அவன் பெடலில் எழுந்து நின்று மிதித்தான். வண்டித் தட்டில் லூர்தம்மாள், மடியில் துணிமூட்டை மாதிரி குமாரி. பிள்ளையின் தலை தொங்கி ஆடியது. கடையைத் தாண்டும்போது இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னாவாம்?" என்றான் ஒருத்தன்.

"வாந்திபேதி. ஏரிக்குள்ள குழி தோண்டி ஊத்துத் தண்ணிய எடுத்துக் குடிச்சிகீதுங்க. எரும பொரள்ற எடம் அது. ராவெல்லாம் போயிகினே இருந்துச்சாம் அந்தப் பாப்பாக்கு. பொயக்குமான்னு தெர்ல."

பஞ்சவர்ணத்தின் கையிலிருந்த துணி இட்லித் தட்டிலேயே நின்றுவிட்டது. ஆவி கையைச் சுட்டதுகூடத் தெரியவில்லை. "யக்கா, சட்னி" என்று எவனோ இரண்டு தரம் கேட்டான்.

அன்றைக்குக் கஜபதியிடம் சொன்னாள். அவனுக்குக் கோபம் வந்தது. குற்றம் தன் பக்கம் வருகிறது என்று தெரிந்தால் வருகிற கோபம்.

"நானா ஊத்துத் தண்ணி குடிக்கச் சொன்னேன்?"

"நீ சொல்லல. நான் சொன்னேன், கடைக்கே பத்தலன்னு. ரெண்டு டிரம்மு ரொம்பி வயிஞ்சிகினு இருந்துச்சி. அவ பாத்தா. பாத்துட்டுதான் சரிக்கான்னு போனா."

"உடு. ஆஸ்பத்திரில பாத்துப்பாங்க."

"அந்தப் பாப்பாக்கு ஏதாவது ஆயிட்டா?"

"ஒண்ணும் ஆவாது. உடு!"

"ஆவறதும் ஆவாததும் நம்ப கைலயா கீது? மைக்ல பேசுனேனே, மைக்ல. இத்தினி நாளு அந்த வாய வெச்சிகினு எப்பிடி சோறு துன்னேன்?"

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டான். அவளுக்கு வெட்கமாக இருந்தது. யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. பத்மா "அதுங்க சுத்தபத்தமா இருந்தா ஏன் வருது" என்று சமாதானமே சொன்னாள். அந்தச் சமாதானத்தைக் கேட்கக் கேட்கத்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

குமாரி பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்ட சாயங்காலம் பஞ்சவர்ணம் தூக்கில் சூடாக இட்லி எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். விழாவுக்குப் பிறகு அந்த வேலியை அவள் தாண்டுவது அதுதான் முதல் தரம். ஓட்டுக் கேட்க எத்தனை தெரு நடந்திருப்பாள், இங்கே வரத் தோன்றவில்லை. குடிசைகளின் நடுவில் பிள்ளைகள் காலி டப்பாக்களை வரிசையாக வைத்து விளையாடிக்கொண்டிருந்தன. ஒரு பிள்ளை தலையில் துண்டு சுற்றி, கையில் ஒரு வாழை நாரை வைத்துக்கொண்டு கஜபதி மாதிரியே குனிந்து நின்று கத்தியது. "செவப்பு, பின்னாடி போ!" டப்பாக்களை வைத்திருந்த பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பின்னால் போயின. பஞ்சவர்ணம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

லூர்தம்மாள் குடிசைக்கு வெளியே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

"யக்கா! வாக்கா, வா. உள்ள வா. இடிக்கும், குனிஞ்சி வா." சாக்கை உதறிப் போட்டாள். "உக்காருக்கா. ஏய் குமாரி, யாரு வந்துகீறாங்க பாரு. கவுன்சிலரம்மா."

பிள்ளை பாயில் படுத்திருந்தது. கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாய் இருந்தது. பஞ்சவர்ணம் நெற்றியைத் தொட்டாள். தூக்கைத் திறந்து, "இட்லி கீது. சுடச்சுட கீது. குடு அதுக்கு" என்றாள்.

"எதுக்குக்கா இதெல்லாம்?" என்றபடி லூர்தம்மாள் மூலைக்குப் போனாள். அங்கே சிவப்புக் குடம், மேலே தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. குடத்தை இரண்டு கையாலும் சாய்த்தாள். ரொம்பவே சாய்க்க வேண்டியிருந்தது. அடியில் கிடந்த தண்ணீர் சொம்பில் விழும் சத்தம் கேட்டது. பிள்ளையின் கண் அந்தச் சொம்போடு கூடவே வந்தது.

"குடிக்கா."

"எனுக்கு வேணாம் லூர்து. தாகமா இல்ல."

"கொதிக்க வெச்சி ஆற வெச்சதுதான்க்கா. ஆஸ்பத்திரில அப்பிடித்தான் குடிக்கச் சொல்லிகீறாங்க. பயப்படாம குடி."

பஞ்சவர்ணம் சொம்பைப் பார்த்தாள். வேண்டாமென்று வைத்துவிட்டால், இவர்கள் கைத்தண்ணீர் ஆகாது என்று வைத்த மாதிரி ஆகும். குடித்தால் அது அந்தப் பிள்ளையின் தண்ணீர். இப்படி ஒரு இக்கட்டில் அவளைக் கொண்டுவந்து நிறுத்தியவள் லூர்தம்மாள் இல்லை. லூர்தம்மாளுக்கு அதெல்லாம் மனசிலேயே இல்லை. அவள் பல் வரிசை தெரியச் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"ஊட்டுக்கு வந்தவங்களுக்கு மொதல்ல தண்ணிதானேக்கா? நீதானே அன்னிக்கி மைக்ல சொன்ன. நல்லா பேசுனக்கா அன்னிக்கி. செபாஸ்டியன்கூடச் சொல்லிச்சி, நல்ல எடத்துக்குத்தான் வந்துகீறோம்னு."

பஞ்சவர்ணம் குடித்தாள். ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். அத்தனை வெட்கத்தோடு அவள் எதையும் விழுங்கியதில்லை. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். வாயைத் திறந்ததும் கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

"இன்னாக்கா? ஏன் அய்வுற? பாப்பாக்கு ஒண்ணும் இல்லக்கா இப்ப. நல்லாயிட்ச்சி" என்று லூர்தம்மாள்தான் அவளுக்குத் தேறுதல் சொன்னாள்.

மறுநாள் காலை கடையை எடுத்துவைத்ததும் பஞ்சவர்ணம் இரண்டு டிரம்மிலும் இருந்த கொஞ்ச நஞ்சத் தண்ணீரில் பாத்திரங்களைக் கழுவி முடித்து, டிரம்களைக் கவிழ்த்துவிட்டாள். பெஞ்சுக்கடியில் கிடந்த சிவப்புக் குடத்தை எடுத்தாள். மாதக்கணக்கில் எச்சில் தட்டு கழுவிக் கழுவி உள்ளே பாசி பிடித்திருந்தது. சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கப் புதுசு மாதிரி சிவந்தது.

லாரி பள்ளத்தில் இறங்கும் சத்தம் கேட்டது. டிரைவர் பரந்தாமன் வழக்கம்போலக் கவுன்சிலர் வீட்டு வாசலையொட்டி நிறுத்தினான். கஜபதி டியூபை இழுத்தான். கவிழ்ந்து கிடந்த டிரம்களைப் பார்த்தான். "இன்னா, கய்வுறாளா?" என்று முனகிவிட்டு வரிசைப் பக்கம் திரும்பிக் குனிந்தான். முதல் இடத்தில், பத்மாவின் எவர்சில்வர் குடத்துக்கும் முன்னால், ஒரு சிவப்புக் குடம் நின்றிருந்தது.

அவனுக்குச் சுர்ரென்று ஏறியது. நிமிரவே இல்லை. காலால் குடத்தை நெட்டித் தள்ளினான். காலிக் குடம் உருண்டது.

"செவப்பு, பின்னாடி போ! எத்தினி வாட்டி சொல்றது? சோத்துல உப்பு போட்டுத்தானே துன்றீங்க? சொரணை வாணாம்?"

எப்போதும் அந்த இடத்தில் பத்மாவின் குரல் கூடச் சேர்ந்து கேட்கும். இன்றைக்கு அது கேட்கவில்லை. அதனால்தான் அவன் நிமிர்ந்தான்.

பஞ்சவர்ணம் குனிந்து உருண்ட குடத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் அதன் மேலிருந்த மண்ணைத் துடைத்தாள்.

"சரி. போறேன்" என்றாள்.

"ஏய் பஞ்சு. நீயா... நீன்னு தெர்ல. இங்க வா. கொண்டா இப்பிடி."

அவள் நிற்கவில்லை. பித்தளைக் குடம், பச்சைக் குடம், நீலக் குடம் எல்லாவற்றையும் தாண்டிப் போனாள். ஊர்ப் பெண்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் அவரவர் குடத்தைப் பார்த்தார்கள். கடைசியில், ஏரிப்பக்கத்து வெயிலில், சிவப்புக் குடங்கள் தொடங்கின. அவற்றுக்கும் பின்னால் போனாள். லூர்தம்மாள் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தாள். ஆனாலும் தன் குடத்தைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாள்.

"இப்பிடி வெச்சிக்கோக்கா. இங்க கொஞ்சம் நெயலு கீது."

கஜபதி டியூபைப் பிடித்துக்கொண்டு நின்றான். தண்ணீர் தரையில் கொட்டிக்கொண்டிருந்தது. "அண்ணாத்தே, வேஸ்டாவுது!" என்று பரந்தாமன் கத்தியதும்தான் பத்மாவின் குடத்தில் விட்டான். பெண்டாட்டியை இழுத்துவந்து முன்னால் நிறுத்த முடியாது. ஊர் பார்க்கிறது. அவள் குடத்தை மட்டும் முன்னால் கொண்டுவந்து ஊற்றினால் நேர்மையான ஆள் என்ற பேர் போச்சு. மற்ற சிவப்பையும் சேர்த்துக் கூப்பிட்டால் இத்தனை நாள் போட்ட சத்தம் தப்பு என்று ஆகும். அவன் எது செய்தாலும் மாட்டிக்கொள்கிற இடத்தில் நின்றான். ஒன்றும் செய்யாமல் வரிசைப்படி ஊற்றிக்கொண்டே போனான். ஆனால் இப்போது ஒவ்வொரு குடத்துக்கும் நிமிர்ந்து நிமிர்ந்து கடைசியைப் பார்த்தான். அங்கே இருக்கிற முகங்களை அவன் பார்த்ததே இல்லை. நிறைமாதக்காரி ஒருத்தி குடத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். கட்டு போட்ட காலோடு ஒரு ஆள். இடுப்பில் குழந்தையோடு லூர்தம்மாள். குழந்தையின் கண் பெரிதாய் அவனையே பார்த்தது.

டியூப் கொளகொளவென்று ஒலி எழுப்ப ஆரம்பித்தது. அந்த ஒலி ஊருக்கே தெரியும். ஊர்க்குடங்கள் முடிந்து, சிவப்பில் முன்னால் நின்ற ஒன்றிரண்டு ரொம்பியதோடு தண்ணீர் நூலாகி, சொட்டாகி, நின்றது. பரந்தாமன் ஹாரன் அடித்தான்.

இந்த இடத்தில் கஜபதி ஒரு வார்த்தை சொல்வான். டியூபை உதறிச் சுருட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், தினமும் சொல்கிற வார்த்தை. தீந்துபோச்சி, நாளைக்கு வாங்க. இன்றைக்கும் வாயைத் திறந்தான். எதிரே அவன் பெண்டாட்டி காலிக் குடத்தை வைத்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டில் டிரம் கவிழ்ந்து கிடந்தது. உலை வைக்கத் தண்ணீர் இல்லை. திறந்த வாய் திறந்தபடி நின்றது. காலையிலிருந்து நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்த தலை, இப்போது தானாகக் குனிந்துவிட்டது.

அவன் சொல்லாததை லூர்தம்மாள்தான் சொன்னாள். பழகிப்போனவள் புதிதாய் வந்தவளிடம் சொல்கிற மாதிரி, மெதுவாக, பஞ்சவர்ணத்தின் கையைத் தொட்டுச் சொன்னாள்.

"தீந்துபோச்சிக்கா. இன்னா பண்றது? வா, எங்கூட்ல ஒரு சொம்பு கீது."